காசு கொடுத்து 'லிங்க்' வாங்கினால் கூகுளில் முதலிடம் கிடைக்குமா? வெப்சைட் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

"உங்கள் வெப்சைட்டை 30 நாளில் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டு வருகிறோம். ஆயிரம் பேக்லிங்க் இலவசம்!"

சொந்தமாக ஒரு வெப்சைட் ஆரம்பித்த யாரைக் கேட்டாலும், இப்படி ஒரு மெயிலோ வாட்ஸ்அப் மெசேஜோ வந்த கதையைச் சொல்வார்கள். இந்த வியாபாரத்தின் இன்னொரு முனை செய்தித் தளங்களின் மெயில்பாக்ஸில் இருக்கிறது. "உங்கள் தளத்தில் முன்னாடி வந்த இந்தக் கட்டுரையின் மூன்றாவது பத்தியில், எங்கள் கம்பெனிக்கு ஒரு லிங்க் மட்டும் சேர்த்துவிடுங்கள். ரேட் எவ்வளவு?" என்று கேட்டு எங்கள் டெஸ்க்குக்கும் மெயில் வரும்.

வெறும் ஒரு லிங்க்குக்கு ஏன் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்? அதை வாங்கினால் உண்மையிலேயே பலன் உண்டா? வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பார்க்கலாம்.

கூகுள் எப்படி வேலை செய்கிறது?

நாம் தேடும்போது கூகுள் அந்த நொடியில் இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே சேர்த்து வைத்த பட்டியலில் இருந்துதான் எடுத்துக் கொடுக்கிறது. இதில் மூன்று கட்டங்கள் உண்டு.

முதலில், 'கூகுள்பாட்' என்ற மென்பொருள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு லிங்க் வழியாகவே போய்ப் படிக்கும். இது கிராலிங். அடுத்து, படித்ததைப் புரிந்துகொண்டு தன் பட்டியலில் சேர்க்கும். இது இண்டெக்ஸிங். கடைசியில், யாராவது தேடும்போது எந்தப் பக்கம் மேலே, எது கீழே என்று வரிசைப்படுத்தும். இதுதான் ரேங்கிங். இந்த மூன்றுக்கும் ஏற்றபடி நம் தளத்தைச் சரி செய்யும் வேலைக்குப் பெயர்தான் எஸ்இஓ.

பலர் மூன்றாவது கட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள். ஆனால் சிக்கல் இரண்டாவதிலேயே இருக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில், செட்டிங்ஸுக்குள் 'ரீடிங்' பகுதியில், 'தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்று சொல்லும் ஒரு டிக் பாக்ஸ் உண்டு. தளம் தயாராகும் வரை அதை டிக் செய்து வைப்பது வழக்கம். வேலை முடிந்த பிறகு எடுக்க மறந்துவிட்டால், எத்தனை ஆயிரம் லிங்க் வாங்கினாலும் தளம் தேடலில் வராது. முதலில் அதைப் பாருங்கள்.

லிங்க்குக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1996-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு தேடுபொறியை உருவாக்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பேக்ரப்'. அதுதான் பின்னால் கூகுள் ஆனது.

அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் இருக்கும் சொற்களை நம்பின. ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தால் மேலே வந்துவிடலாம் என்ற நிலை. இவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்தப் பக்கத்தை வேறு யாரெல்லாம் சுட்டிக்காட்டுகிறார்கள்? அந்தக் கணக்குக்குப் 'பேஜ்ரேங்க்' என்று பெயர். 1998-ல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

நம்ம ஊர் உதாரணமே போதும். புதுசா ஒரு தெருவுக்குக் குடிவருகிறோம். நல்ல டாக்டர் யார் என்று விசாரிக்கிறோம். டாக்டரே அடித்த நோட்டீஸை நம்புவதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்புவோம். மெடிக்கல் ஷாப்காரர் சொன்னால் இன்னும் நம்புவோம். அதேபோல, நாலு பேர் நம்பும் ஒரு தளம் தரும் லிங்க்குக்கு எடை அதிகம். யாருமே போகாத தளம் தரும் லிங்க்குக்கு எடை குறைவு.

லிங்க்கில் நாம் கிளிக் செய்யும் சொற்களுக்குப் பெயர் 'ஆங்கர் டெக்ஸ்ட்'. அதையும் கூகுள் கணக்கில் எடுக்கும். இந்த ஓட்டையை வைத்து 2003-ல் ஒரு வேடிக்கை நடந்தது. 'படுதோல்வி' என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தேடினால், அப்போதைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் முதலில் வந்தது. பலர் பேசிவைத்துக்கொண்டு, அந்தச் சொற்களில் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்ததுதான் காரணம். 2007 ஜனவரியில்தான் கூகுள் இதைச் சரி செய்தது.

பரிந்துரைக்கு மதிப்பு வந்தவுடனே, பரிந்துரையை விற்கும் சந்தையும் வந்துவிட்டது.

வாங்கி மாட்டியவர்கள்: மூன்று கதைகள்

ஜேசி பென்னி, அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஒன்று. 2010 இறுதியின் பண்டிகைக் காலத்தில், ஆடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் இந்தக் கடையின் தளமே முதலில் வந்தது. சந்தேகப்பட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், ஒரு நிபுணரை வைத்து ஆராய்ந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் ஜேசி பென்னிக்கு லிங்க் இருந்தது தெரிய வந்தது.

விஷயம் கூகுளின் காதுக்குப் போனது. 2011 பிப்ரவரி 1 மாலை, ஒரு சூட்கேஸ் வகைக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த ஜேசி பென்னி, இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போய்விட்டது. "எங்களுக்குத் தெரியாமல் நடந்தது" என்று சொன்ன நிறுவனம், தன் எஸ்இஓ ஏஜென்சியை நீக்கியது. ஏஜென்சி செய்ததோ, யார் செய்ததோ... இடத்தை இழந்தது கடைதான். இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

இரண்டாவது கதையில் மாட்டியது கூகுளேதான். 2012 ஜனவரியில், கூகுள் குரோம் பிரவுசருக்காக விளம்பர நிறுவனங்கள் நடத்திய பிரசாரத்தில், காசு வாங்கிய ஒரு பதிவில் குரோம் பக்கத்துக்கு லிங்க் இருந்தது. சொந்தப் பக்கம் என்றும் பார்க்காமல், குரோம் பக்கத்தைக் குறைந்தது 60 நாட்களுக்குத் தேடலில் கீழே இறக்கியது கூகுள்.

மூன்றாவது, பாடல் வரிகளுக்கான 'ராப் ஜீனியஸ்' தளம். ஜஸ்டின் பீபர் பாடல்களுக்கான தங்கள் பக்கங்களுக்கு லிங்க் கொடுத்தால், உங்கள் பதிவை எங்கள் ட்விட்டரில் பகிர்கிறோம் என்று வலைப்பதிவர்களிடம் பேரம் பேசினார்கள். 2013 கிறிஸ்துமஸ் அன்று, தன் சொந்தப் பெயரைத் தேடினால்கூட முதல் பக்கத்தில் வராத நிலைக்குப் போனது அந்தத் தளம். தவறை ஒப்புக்கொண்டு, அந்த லிங்க்குகளை அகற்றும் வேலையில் இறங்கிய பிறகு, சுமார் பத்து நாளில் மீண்டு வந்தது.

இப்போது வாங்கினால் என்ன ஆகும்?

2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற அப்டேட்டை கூகுள் கொண்டு வந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் இதில் கீழே போயின. 2016-ல் அதே பெங்குவினை மாற்றி அமைத்தார்கள். அதன் பிறகு, மோசமான லிங்க் என்று தெரிந்தால், பெரும்பாலும் அதைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடும்.

நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் இதன் அர்த்தம் என்ன? ஆயிரம் லிங்க் வாங்குகிறீர்கள். ஏஜென்சி அழகாக எக்செல் ஷீட்டில் பட்டியல் தருகிறது. கூகுள் அதில் ஒன்றைக்கூட எண்ணவில்லை. தண்டனையும் இல்லை, பலனும் இல்லை. காசு போனதே உங்களுக்குத் தெரியாது.

இதைத் தாண்டி, கூகுள் ஊழியர்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கையும் உண்டு. அதற்கு 'மேனுவல் ஆக்‌ஷன்' என்று பெயர். அது வந்தால் உங்கள் சர்ச் கன்சோல் கணக்கில் தகவல் இருக்கும். லிங்க்குகளை நீக்கிவிட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எது தப்பு, எது தப்பில்லை?

தேடலில் மேலே வருவதற்காக லிங்க்கை வாங்குவது, விற்பது இரண்டுமே கூகுளின் விதிகளுக்கு எதிரானது. பணம்தான் என்று இல்லை. இலவசமாகப் பொருள் அனுப்பி, பதிலுக்கு லிங்க் கேட்பதும் இதில் சேரும். "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன்" என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வதும், கண்ட இடத்தில் எல்லாம் கமெண்ட்டில் லிங்க் போடுவதும் அப்படியே.

அப்போ விளம்பரமே கொடுக்கக் கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம். விளம்பர லிங்க்கில் 'ஸ்பான்ஸர்ட்' அல்லது 'நோஃபாலோ' என்ற குறிப்பை கோடில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். 'நோஃபாலோ' 2005-லும் 'ஸ்பான்ஸர்ட்' 2019-லும் அறிமுகமானவை. 'இது விளம்பரம், பரிந்துரை என்று எண்ண வேண்டாம்' என்று கூகுளிடம் சொல்லும் வழி இது. வாசகர் வழக்கம்போல கிளிக் செய்து வரலாம்.

நேர்மையாக லிங்க் சேர்ப்பது எப்படி?

உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் டீலராக இருக்கும் கம்பெனியின் டீலர் பட்டியலில் உங்கள் தள முகவரி இருக்கிறதா? உறுப்பினராக இருக்கும் வணிகர் சங்கத்தின் தளத்தில்? நீங்கள் படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் பக்கத்தில்? இவை எல்லாம் உண்மையான உறவுகள். கேட்டுப் பெறுவதில் தவறில்லை.

அடுத்து, மற்றவர்கள் சுட்டிக்காட்டும்படி ஒரு பக்கமாவது உங்களிடம் இருக்க வேண்டும். ஒரு பட்டுச்சேலைக் கடை என்று வையுங்கள். 'எங்களிடம் தரமான சேலைகள் கிடைக்கும்' என்ற வரிக்கு யாரும் லிங்க் கொடுக்க மாட்டார்கள். அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது, கறை பட்டால் என்ன செய்வது என்று அனுபவத்திலிருந்து படத்தோடு எழுதிப் பாருங்கள். சேலை பற்றி எழுதும் ஒருவருக்கு அது தேவைப்படும்.

மூன்றாவது, இருக்கும் லிங்க்குகளைத் தொலைக்காமல் இருப்பது. பெயரை மாற்றிப் புது டொமைனுக்குப் போகும்போது, பழைய முகவரிக்கு வருபவர்களைப் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். இதற்கு '301 ரீடைரக்ட்' என்று பெயர். செய்யாவிட்டால் பல வருஷம் சேர்ந்த லிங்க்குகள் வீணாகும். பழைய டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால், வேறு யாரோ வாங்கி, உங்கள் பெயரில் சேர்ந்த நம்பிக்கையை வைத்துச் சூதாட்ட விளம்பரம் ஓட்டவும் வாய்ப்பு உண்டு.

லிங்க்குக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

* ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். எல்லாப் பக்கத்திலும் 'ஹோம்' என்று இருந்தால் கூகுளுக்கும் புரியாது, வாசகருக்கும் புரியாது.
* மக்கள் தேடும் சொல்லை எழுதுங்கள். நீங்கள் 'இருசக்கர வாகனப் பராமரிப்பு' என்று எழுதினால், வாடிக்கையாளர் 'பைக் சர்வீஸ்' என்று தேடுவார்.
* விலைப்பட்டியலைப் போஸ்டர் படமாக மட்டும் போடாதீர்கள். எழுத்தாகவும் இருக்கட்டும்.
* மொபைலில் திறந்து பாருங்கள். கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் முதன்மையாகப் படிக்கிறது.
* 'மெட்டா கீவேர்ட்ஸ்' நிரப்பக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.
* கடை வைத்திருப்பவர்கள் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' தொடங்குங்கள். இலவசம்தான்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

எல்லா எஸ்இஓ ஏஜென்சியும் ஏமாற்றுபவை என்று அர்த்தமில்லை. நேரம் இல்லாதவர்களுக்கு நல்ல ஏஜென்சி உதவும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, முதலிடம் உறுதி என்கிறீர்களா? ஆம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த உறுதியை யாராலும் தர முடியாது என்று கூகுளே சொல்கிறது. மாற்றம் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பதும் கூகுள் சொன்ன கணக்குதான்.

இரண்டு, லிங்க் எந்தத் தளங்களிலிருந்து வரும்? 'அது எங்கள் தொழில் ரகசியம்' என்றால், மாட்டினால் அடி உங்களுக்குத்தான். ஜேசி பென்னி கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல் யார் பெயரில் இருக்கும்? எல்லாம் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்க வேண்டும். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். நாளைக்குப் பிரிந்தால், சாவி உங்கள் கையில் இருக்கும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று: சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேருங்கள். செலவு கிடையாது. தகவல்கள் சேரச் சில நாட்கள் ஆகும். பிறகு 'லிங்க்ஸ்' பகுதியைத் திறந்தால், உங்களை யார் யார் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். பட்டியலில் பத்தே பேர் இருந்தாலும், அந்தப் பத்தும் உங்கள் தொழிலைத் தெரிந்தவர்களா என்று பாருங்கள். தெரிந்தவர்கள் என்றால், 'ஆயிரம் பேக்லிங்க்' மெயிலைத் தயங்காமல் டெலீட் செய்யலாம்.