நீளப் பந்தும் பம்பரமும்

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், கையால் எறிவார்கள். பந்தும் உருண்டையாக இருக்காது. உரிக்காத சின்னத் தேங்காய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் கூம்பி, ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளம், 400 கிராமுக்குச் சற்று மேல் எடை. அதைப் 'பன்றித்தோல்' என்று செல்லமாகச் சொல்வார்கள். தைப்பதோ மாட்டுத்தோலில்!

பந்தை எறிகிறவர் பெயர் குவாட்டர்பேக். அப்படி ஒருவர்தான் கர்ட் வார்னர், அயோவா மாநிலத்துக்காரர். கல்லூரியில் ஆடியவர்களைப் பெரிய அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்துப் பொறுக்கி எடுக்கும். அதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 1994இல் ஏழு சுற்று நடந்தது. ஏழிலும் வார்னரை யாரும் எடுக்கவில்லை. கிரீன் பே அணி பயிற்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, போட்டிகள் தொடங்கும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டது. வார்னர் ஒரு பல்பொருள் அங்காடியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். அலமாரிகளில் சாமான் அடுக்க வேண்டும், மணிக்கு ஐந்தரை டாலர் கூலி.

பிறகு கூரைக்கு அடியில் ஆடும் 'அரீனா' கால்பந்துக்குப் போனார். வழக்கமான ஆடுகளம் 100 கெஜம் என்றால் இது 50 கெஜம்தான். பந்து கைக்கு வந்த மறுநொடி எதிராளி மேலே வந்து விழுவான். அதற்குள் எறிந்தாக வேண்டும். எங்கே எறிவது?

பந்தைப் பிடிக்க வேண்டிய அணி நண்பன் நிற்கும் இடத்துக்கு என்று சொன்னால் தப்பு. அவன்தான் ஓடிக்கொண்டிருக்கிறானே! பந்து நொடிக்கு 25 மீட்டர் போகிறது, 25 மீட்டர் தள்ளி விழ வேண்டும் என்று வையுங்கள். ஒரு நொடி ஆகும். அதற்குள் நண்பன் எட்டு மீட்டர் நகர்ந்திருப்பான். ஆகவே யாருமே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துத்தான் எறிய வேண்டும். வார்னர் இந்தக் கணக்கை மூன்று ஆண்டு அங்கே போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெரிய அணி தேர்வுக்கு அழைத்தது. தேன்நிலவுக்குப் போன இடத்தில் சிலந்தி கடித்து எறிகிற கையின் முழங்கை வீங்கியதால் போக முடியவில்லை. இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டீர்கள்.

கணக்கு பலிக்க வேண்டுமானால் பந்து சொன்னபடி கேட்க வேண்டும். மின்விசிறிக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாருங்கள். அட்டையைக் காட்டினால் காற்று தள்ளும், ஓரத்தைக் காட்டினால் பேசாமல் வழிவிடும். நீளப் பந்தும் அப்படித்தான். கூர்முனை முன்னே போனால் காற்றைக் கிழிக்கும், குறுக்கே புரண்டால் தடுமாறி விழும். அதனால்தான் தையல் கயிற்றில் விரல்களைப் பதித்து, விடும்போது ஒரு சுண்டு சுண்டுகிறார்கள். பந்து நொடிக்குப் பத்துச் சுற்று போலச் சுற்றும். சுற்றாத பம்பரம் சாய்ந்துவிடும், சுற்றுகிற பம்பரம் நிமிர்ந்து நிற்கும் அல்லவா? சுழலும் பொருள் தன் அச்சைச் சுலபத்தில் மாற்றிக்கொள்ளாது.

இங்கேதான் ஒரு புதிர். மேல்நோக்கி எறிந்த பந்து அச்சை மாற்றாது என்றால், கீழே வரும்போதும் மூக்கு மேலேதானே இருக்க வேண்டும்? ஆனால் நல்ல எறியில் மூக்கு பாதையோடு வளைந்து கீழ்நோக்கித் திரும்புகிறது. இதைக் கணக்குப் போட்டு விளக்கி மூன்று இயற்பியலாளர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விடை நம் பம்பரத்திடமே இருக்கிறது. சாய்ந்த பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே இழுத்தாலும் அது விழாமல், தலையைப் பக்கவாட்டில் வட்டமடிக்கும். பந்தின் மூக்கைக் காற்று மேலே தூக்கப் பார்க்கிறது. சுழல்வதால் மூக்கு மேலே போகாமல் பக்கவாட்டில் நழுவி, போகும் திசையைச் சுற்றிச் சின்னச் சின்ன வட்டம் போடுகிறது. பாதை வளைய வளைய, வட்டமும் கூடவே வளைகிறது.

1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதல் குவாட்டர்பேக்குக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த அணியில் மாற்று ஆளாக இருந்த வார்னர் அவர் இடத்துக்கு வந்தார். வார்னருக்கு அப்போது 28 வயது. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பதற்கு 'டச்டவுன்' என்று பெயர். அந்தப் பருவத்தில் மட்டும் அவர் எறிந்து கிடைத்தவை 41 டச்டவுன்கள்! அணி 'சூப்பர் பவுல்' என்னும் இறுதிப் போட்டிக்குப் போனது. எதிரணி டைட்டன்ஸ். 2000 ஜனவரி 30, அட்லாண்டா. ஆளுக்கு 16 புள்ளி, இன்னும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். வார்னர் கையை வீசுகிற நேரத்தில் டைட்டன்ஸ் வீரர் ஒருவர் வந்து மோதினார். வீச்சு முழுதாகக் கிடைக்கவில்லை, பந்து குறைவான தூரமே போனது.

பந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ராம்ஸ் வீரர் ஐசக் புரூஸ் திரும்பிப் பார்த்தார். பந்து எங்கே விழும் என்று இப்போது கணக்குப் போட வேண்டியவர் அவர். வேகத்தைக் குறைத்து உள்பக்கம் வந்தார். காவலுக்கு ஓடிவந்தவர் பந்தைப் பார்க்கவே இல்லை, தாண்டிப் போய்விட்டார். புரூஸ் பிடித்தார், ஓடினார். 73 கெஜம், டச்டவுன். ராம்ஸ் 23, டைட்டன்ஸ் 16.