கைத்திறன் மட்டும் போதுமா?

மணியாச்சி முதல் கோவில்பட்டி வரையுள்ள கரிசல் பூமியில் மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசும் நூல் ஆலையும் தறியுமே பல குடும்பங்களைக் காக்கின்றன. இங்குள்ள பெண்மக்களின் கைவேகத்திற்குக் குறைவில்லை. ஆனால் இயந்திரம் பழுதுற்றாலும், கூலிக் கணக்கில் பிழை நேர்ந்தாலும் பலருக்கு எடுத்துச் சொல்ல நா எழுவதில்லை. இத்தயக்கத்தால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

பெங்களூரில் சாஹி நிறுவனத்தின் ஐந்து ஆயத்த ஆடை ஆலைகளில் இது ஆராயப்பட்டது. விரும்பிய பெண்களுள் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தவர்களுக்கு 80 மணி நேரப் பயிற்சி அளித்தனர். தையல் அன்று, தயங்காது பேசுதல், நேரத்தை வகுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பணத்தைப் பேணுதல் ஆகியவையே பாடங்கள். பயின்றோர் தொழில் நுணுக்கங்களையும் மேலும் கற்கலாயினர். அறிஞர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களது உற்பத்தித்திறன் பயிலாதோரினும் 13.5 சதவீதம் அதிகம். கூலி உயர்வோ அரை சதவீதமே! பலனில் பெரும்பகுதி நிறுவனத்தையே சேர்ந்தது.

இங்குதான் கூட்டுறவின் அவசியம் விளங்குகிறது. சங்கத்தில் உழைப்பவரே உரிமையாளர். நிகர லாபம் பங்கு ஈவாகவும் போனஸாகவும் அங்கத்தினரிடமே திரும்ப வழியுண்டு. எனினும், பொதுப் பேரவையில் வாய்மூடியிருந்து கையொப்பமிட்டுத் திரும்புவோர்க்கு அவ்வழி திறவாது. ரகம் மாறும்போது கூலி என்னவென்று நெசவாளரும், பருத்தியின் தரம் குறைக்கப்பட்டால் காரணம் யாதென்று விவசாயியும் பணிவுடன், ஆனால் தெளிவாகக் கேட்கப் பழக வேண்டும்.

ஆகவே, மாதம் ஒரு மாலையையேனும் இப்பயிற்சிக்கு ஒதுக்குமாறு சங்க நிர்வாகிகளை வேண்டுகிறோம். செலவு சொற்பம், பலன் நம்முடையது.