பாட்டிலைத் திருப்பித் தருபவர் திருந்தியவரா?

டாஸ்மாக் காலி பாட்டில் திட்டம் மாவட்டம் மாவட்டமாக விரிவடைய, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்: கூடுதலாக வாங்கும் பத்து ரூபாய் விலையேற்றமா, அபராதமா? இரண்டும் இல்லை, வைப்புத்தொகை. பாட்டிலைக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். "இதற்குப் பதில் விழிப்புணர்வு ஊட்டலாமே" என்றும் பலர் எழுதுகிறார்கள். அரசு வழக்கத்தில் விழிப்புணர்வு என்றால் பேரணி, பதாகை, உறுதிமொழி. எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று அறிக்கை வரும். எத்தனை பேர் மாறினார்கள் என்று வராது.

உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் இத்திட்டம் தொடங்கியது. காட்டில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு யானையின் காலைக் கிழிக்கும் என்பது வீசியவருக்குத் தெரியாததல்ல. குறை அறிவில் இல்லை. பாட்டிலைச் சுமந்து திரும்பும் சிரமம் தனக்கு, பலன் யாருக்கோ என்பதுதான் சிக்கல். வைப்புத்தொகையின் சாமர்த்தியம், குடித்தவரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வது. அவர் வீசினாலும் பொறுக்குபவருக்குப் பத்து ரூபாய். பிரசாரத்தில் மனம் மாறாத ஒவ்வொருவரும் ஒரு பாட்டிலை விட்டுப்போகிறார். இங்கே அவருடைய அலட்சியம் இன்னொருவருக்குக் கூலி. ஆனால், திரும்பாத பாட்டிலின் பணம் விற்பவரிடமே தங்கினால், பாட்டில் வராமலிருப்பதே அவருக்கு லாபம். அந்தக் கணக்கைத் தனியாக வெளியிடாதவரை சந்தேகம் நியாயமானதே.

அறிவுரை எங்குமே பலிக்காதா? உப்பு-சர்க்கரைக் கரைசல் விஷயத்தில் பலித்தது. வயிற்றுப்போக்கில் துவளும் பிள்ளையைக் காப்பாற்றத் தாய் ஏற்கெனவே துடிக்கிறாள். வழி மட்டும்தான் தெரியவில்லை, சொன்னதும் செய்தாள். பிளாஸ்டிக் பை அப்படியல்ல. தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். இன்னமும் பூக்கடையில் கேரி பேக் தாராளம். அயர்லாந்து 2002இல் பைக்கு 15 சென்ட் வரி போட்டதும் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. காசுக்காகச் செய்வது காசு நின்றால் நின்றுவிடும் என்ற ஆட்சேபம் சரியே. அதனால் காசை நிறுத்தக் கூடாது. சட்டத்தை மக்கள் ஏற்கவாவது பிரசாரம் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் ஒப்புதல் வேறு, பழக்கம் வேறு.

இன்னும் சில கேள்விகள். தண்ணீர் பாட்டிலுக்கும் வைப்புத்தொகை சாத்தியமா? ஜெர்மனியில் 2003 முதல் நடக்கிறது.

பள்ளிகளில் சொல்லித்தர வேண்டாமா? தரலாம், மது பாட்டிலை வீசுவது பிள்ளைகள் அல்லவே.

எம்ஆர்பிக்கு மேல் கடையில் கேட்கும் பத்து ரூபாயும் இந்த வைப்புத்தொகையும் ஒன்றா? இல்லை, அது திரும்ப வராது.