திராமிசு

திராமிசு என்பது வடகிழக்கு இத்தாலியில் தோன்றிய, காப்பிச் சுவையுடைய ஓர் அடுக்கு இனிப்பு ஆகும். காப்பியில் நனைத்த ஈரொட்டிகளின் (பிஸ்கட்) மேல் முட்டை மஞ்சட்கரு, சர்க்கரை, மசுகார்ப்போனே ஆகியவற்றின் கலவையைப் பரப்பி, கொக்கோத் தூள் தூவிக் குளிரவைத்து இது செய்யப்படுகிறது. "என்னை மேலே தூக்கு" என்பது இப்பெயரின் பொருள். அடுக்கியபின் இது அடுப்பேறுவதில்லை. எனவே இதன் சுவையும் உண்போரின் பாதுகாப்பும் பொருள்களின் தேர்விலேயே தங்கியுள்ளன.

வரலாறு

திரெவீசோ நகரின் லே பெக்கெரியே உணவகம் 1972-இல் இதனைத் தன் உணவுப் பட்டியலில் சேர்த்தது. அண்டைப் பகுதியான பிரியூலியும் உரிமை கோருகிறது. அங்கு 1950களிலேயே இது பரிமாறப்பட்டது என்பர். 2017-இல் இத்தாலிய வேளாண் அமைச்சகம் மரபு உணவுகளின் பட்டியலில் இதனைப் பிரியூலியின் பெயரில் சேர்த்தது. லே பெக்கெரியேயின் செய்முறையில் மது இல்லை. மர்சாலா போன்ற மதுவகைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை.

சேர்பொருட்கள்

மசுகார்ப்போனே: இது பாலேட்டை (கிரீம்) ஏறத்தாழ 85–90 பாகை செல்சியசிற்குச் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு அல்லது சிட்ரிக் அமிலம் சேர்த்துத் துணியில் வடித்துப் பெறப்படுவது. பன்னீரும் அமிலத்தால் திரிக்கப்படுவதே. ஆயினும் அது பாலிலிருந்து வருவதால் உதிரும் தன்மையுடையது. மசுகார்ப்போனேயில் கொழுப்பு மிகுந்திருப்பதால் வழவழப்பாக இருக்கும். வடித்த தயிர் புளிப்பதால் தக்க மாற்று ஆகாது.

காப்பி: பாலும் சர்க்கரையும் சேராத, ஆறிய, அடர்ந்த காப்பி வேண்டும். எசுப்பிரசோவுக்குப் பதிலாகத் தமிழக வடிகட்டிக் காப்பியின் டிக்காசனைப் பயன்படுத்தலாம். ஆனால் பொடியில் சிக்கரி கலந்துள்ளதா என உறையில் பார்த்தல் வேண்டும். இந்திய உணவு விதிகளின்படி காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. அதாவது ஏறக்குறைய பாதி சிக்கரியாகவே இருக்கலாம். பாலுடன் இதமாகத் தோன்றும் சிக்கரி, பாலில்லாத டிக்காசனில் கசந்து காப்பி மணத்தை மறைக்கும். கலப்பற்ற அராபிக்கா பொடி சிறந்தது.

ஈரொட்டி: சவோயார்தி எனப்படும், அடித்த முட்டையால் செய்த, உலர்ந்த விரல் வடிவ ஈரொட்டியே மரபு. இதனை ஓரிரு நொடிகள் மட்டுமே நனைத்தல் வேண்டும், மிகுந்தால் குழைந்துவிடும்.

கொக்கோ: இனிப்பற்ற தூளே ஏற்றது. சர்க்கரை கலந்த பானப் பொடி ஈரத்தில் கரைந்து, கசப்பின் எதிர்ச்சுவையைத் தராது.

முட்டையும் பாதுகாப்பும்

மரபுமுறையில் மஞ்சட்கரு பச்சையாகவே சேர்க்கப்படுகிறது. சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் ஓட்டின் மேல் மட்டுமன்றி முட்டையின் உள்ளும் இருக்கக்கூடும். ஆகையால் ஓட்டைக் கழுவுவது போதாது. குளிர்பதனப் பெட்டி அதன் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி அதனைக் கொல்லாது. மஞ்சட்கருவையும் சர்க்கரையையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, 71 பாகை செல்சியசை அடையும்வரை இடைவிடாது அடித்தல் பாதுகாப்பான முறையாகும். குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் ஆகியோருக்குப் பச்சை முட்டை சேர்ந்ததைத் தருதல் கூடாது.

முட்டை உண்ணாதோர், அடித்த பாலேட்டையும் முட்டை சேராத ஈரொட்டியையும் பயன்படுத்துவர். கெட்டியாவதற்குச் சேர்க்கப்படும் செலட்டின் விலங்குப் பொருள் என்பதை இவர்கள் அறிந்திருத்தல் நன்று.

தமிழகத்தில்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மணலூர்பேட்டை போன்ற சிற்றூர்களில் செய்ய விரும்புவோருக்கு முட்டை, எலுமிச்சை, காப்பிப் பொடி ஆகியவை அரியன அல்ல. கல்வராயன் மலைக்கு மேற்கேயுள்ள சேர்வராயன் மலையில் 19ஆம் நூற்றாண்டு முதல் காப்பி பயிரிடப்படுகிறது. மசுகார்ப்போனேயை வீட்டிலேயே செய்யலாம். எனினும் பரவலாக விற்கப்படும் பொதிப் பாலேட்டில் கொழுப்பு ஏறத்தாழ 25 விழுக்காடே உள்ளது. அது போதிய அளவு இறுகாது. 35 விழுக்காட்டிற்கு மேற்பட்ட கொழுப்புள்ள பாலேட்டைத் தேர்ந்தெடுத்து, ஓர் இரவு குளிர்ச்சியில் வடியவிடுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

காப்பி
சிக்கரி
பாலாடைக்கட்டி