பையில் எத்தனை கிலோ நைதரசன்?

இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்டார்: “சுவாமி, அமோனியம் சல்பேற்று யூரியாவின்ரை அரைவிலைக்குக் கிடைக்குது. அதை வாங்கினால் லாபம்தானே?” 2021ஆம் ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கிய பின் விலை ஏறிய ஏற்றத்தில், பலரும் விலையை மட்டும் பார்த்தே பையைத் தெரிவு செய்யப் பழகிவிட்டார்கள்.

நெல் மூடை வாங்கினால், உமி போக எவ்வளவு அரிசி தேறும் என்று பார்க்கிறோம் அல்லவா? பசளையும் அப்படித்தான். பயிர் பச்சை பிடித்து வளரத் தேவையான நைதரசன் தனியே பையில் வருவதில்லை. வேறு மூலகங்களோடு சேர்ந்து ஒரு சேர்வையாகவே வருகிறது.

யூரியா மூலக்கூறு ஒன்றில் காபன் அணு 1, ஒட்சிசன் 1, நைதரசன் 2, ஐதரசன் 4 உண்டு. இவற்றின் அணுத்திணிவு முறையே 12, 16, 14, 1. கூட்டினால் 12 + 16 + 28 + 4 = 60. இதில் நைதரசனின் பங்கு 28. அதை 60ஆல் பிரித்து 100ஆல் பெருக்க 46.7 வரும். பையில் 46 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். சிறிதளவு ஈரமும் பிறவும் கலந்திருப்பதால் சற்றுக் குறைகிறது. ஆகவே 50 கிலோப் பையில் நைதரசன் 23 கிலோ.

அமோனியம் சல்பேற்றில் நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4. கந்தகத்தின் அணுத்திணிவு 32. எனவே 28 + 8 + 32 + 64 = 132. நைதரசன் இங்கும் அதே 28தான். ஆனால் 132இல் அது 21 வீதமே. 50 கிலோவில் பத்தரைக் கிலோ.

யூரியாப் பை 100 ரூபா என்று வைப்போம். (கணக்குக்காகத்தான், அந்த விலைக்கு வெறுஞ் சாக்குத்தான் கிடைக்கும்.) ஒரு கிலோ நைதரசன் 4 ரூபா 35 சதம். மற்றப் பை 50 ரூபா என்றால் அதில் ஒரு கிலோ நைதரசன் 4 ரூபா 76 சதம். அரைவிலைப் பைதான் கூடிய விலை! ஒரு யூரியாப் பைக்கு ஈடாக இரண்டு பைக்கு மேல் ஏற்றி வரவும் வேண்டும். லான்ட்மாஸ்ரர் கூலியை யார் கொடுப்பது?

ஆனாலும் அந்தத் தாயை நான் முற்றாகத் தடுக்கவில்லை. 132இல் 32 கந்தகம். ஒரு பையில் ஏறக்குறைய 12 கிலோ. வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகச் சேர்வைகளால் வருபவை. தொடர்ந்து போட்டால் மண்ணில் அமிலத்தன்மை கூடும் என்பதையும் சொன்னேன். வெங்காயத்துக்கு அதில் ஒரு பையும், மிளகாய்க்கு யூரியாவும் வாங்குவதென்று முடிவாயிற்று. கணக்கை மகனின் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டே அவர் கடைக்குப் போனார்.