பாஸான பிறகும் பரீட்சை

2022 ஏப்ரலில் மாவட்டங்களைப் பிரித்தபோது ஸ்ரீஹரிகோட்டா நெல்லூரை விட்டு நம் திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. ராக்கெட் பார்க்க சூலூர்ப்பேட்டை போய்வரும் நம் சங்க அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "புரோகிராமை எத்தனையோ முறை சோதித்துத்தானே வைக்கிறார்கள், பிறகு கடைசி விநாடியில் எதற்கு நிறுத்துகிறார்கள்?" ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

சோதனைச்சாலையில் ஒரு புரோகிராம் பாஸானது என்றால், நாம் நினைத்துப் பார்த்த சூழ்நிலையில் பாஸானது என்றுதான் பொருள். வெளியே சூழ்நிலை மாறும். 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பி.எஸ்.எல்.வி. கிளம்பியது. இரண்டாம் அடுக்கு கழலும் சமயத்தில் ராக்கெட் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஆடிவிட்டது. அதை நிமிர்த்த வேண்டிய புரோகிராமில், கணக்கிட்ட எண் அதற்கு ஒதுக்கிய இடத்தை மீறிவிட்டது. பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் 00000 காட்டுமே, ஏறக்குறைய அதுபோல. கட்டளை தவறாகப் போய், செயற்கைக்கோளோடு ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஆட்டம் குறைவாக இருந்திருந்தால் அந்தக் குறை அன்று வெளியே தெரிந்தே இருக்காது. 1996-ல் ஐரோப்பாவின் ஏரியான்-5 விழுந்ததும் இதே ஜாதிக் கோளாறுதான். ஏரியான்-4-ல் ஒழுங்காக ஓடிய புரோகிராமை, வேகம் கூடிய புது ராக்கெட்டில் அப்படியே வைத்தார்கள்.

ஆகவே ஓடும்போதே கவனிக்க ஒரு கண் வேண்டும். 2001 மார்ச் 28-ல் முதல் ஜி.எஸ்.எல்.வி. தயாராக நின்றது. அதன் பக்கவாட்டு எஞ்சின்கள் நான்கும் திரவ எரிபொருளில் ஓடுபவை. அவை முதலில் பற்றும். நடுவிலுள்ள திட எரிபொருள் மோட்டாரைச் சில விநாடி கழித்துத்தான் பற்ற வைப்பார்கள். அது பற்றிக்கொண்டால் தீபாவளி வாணம் மாதிரி, அணைக்க முடியாது. அந்த இடைவெளிக்குள் கம்ப்யூட்டர் நான்கையும் அளந்து பார்க்கிறது. அன்று ஒன்று போதிய விசை தரவில்லை. கிளம்ப 1 விநாடி இருக்கையில் கம்ப்யூட்டரே நிறுத்திவிட்டது. மனிதன் கையால் ஆகிற காரியமா அது? ராக்கெட் தப்பியது, ஏப்ரல் 18-ல் கிளம்பியது. 2023 அக்டோபர் 21-ல் ககன்யான் சோதனை ராக்கெட்டையும் இப்படித்தான் 5 விநாடி இருக்கையில் கம்ப்யூட்டர் நிறுத்தியது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, காலை 10 மணிக்கு அனுப்பினார்கள்.

ரயில்வேயில் இது பழைய பாடம். தண்டவாளத்தில் சிறு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வண்டிச் சக்கரம் ஏறினால் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் சிவப்புத்தான். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்து என்பதே அதன் தத்துவம். பிற்காலத்தில் வந்த டேட்டா லாகர் ஒவ்வொரு ரிலேயின் அசைவையும் நேரத்தோடு பதிந்து, கோளாறு தெரிந்தால் எச்சரிக்கிறது.

இதில் கஷ்டமான பாகம் எல்லை வகுப்பதுதான். எல்லையை நெருக்கி வைத்தால் ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடிக்கும். நாளடைவில் மணியை யாரும் மதிக்க மாட்டார்கள். தளர்த்தி வைத்தால் நிஜமான ஆபத்து நழுவிவிடும். என் அபிப்பிராயத்தில் புரோகிராம் எழுதுவதைவிட இதற்குத்தான் அனுபவம் அதிகம் வேண்டும்.

சந்திராயன்-2 இதற்கு உதாரணம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை அதன் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை தந்தன. சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. பிழையைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது; அந்த அளவு வேகத்துக்குப் புரோகிராமில் இடமில்லை. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டர் சதுரம்தான். அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் இதை 2023-ல் விளக்கினார். சந்திராயன்-3-க்கு, எதெது தவறக்கூடும் என்பதிலிருந்தே ஆரம்பித்தார்கள். எல்லைகளை விரித்தார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆயிற்று. இறங்குவதற்கு 2 மணி நேரம் முன்பு கலத்தின் நிலையைப் பார்ப்பது, திருப்தியில்லாவிட்டால் ஆகஸ்ட் 27-க்குத் தள்ளிவைப்பது என்றும் ஏற்பாடு. தள்ளிவைக்கத் தேவையில்லாமலே 23-ஆம் தேதி மாலை 6.04-க்கு இறங்கியது.