மாரியோவில் ஆள்மாறாட்டம்! இனயம் ரசிகர் குமுறல்

இனயம் கடற்கரையில் வலையைச் சரிபார்த்தபடியே பொரிந்து தள்ளினார், நாற்பதைத் தாண்டிய அந்த வீடியோ கேம் ரசிகர். சிறுவயதில் கரைமடி இழுத்த காசைச் சேர்த்து 'மாரியோ 2' கேசட் வாங்கினாராம். செட்டில் சொருகினால் பழைய மாரியோ! லேபிள்தான் புதுசு.

அசல் கம்பெனி மட்டும் லேசுப்பட்டதா? 1986-ல் நிண்டெண்டோ ஜப்பானில் இரண்டாம் பாகம் விட்டது. அமெரிக்கர்களுக்கு அது ரொம்பக் கஷ்டம் என்று ஒதுக்கிவிட்டு, 1987-ல் வந்த தன் 'டோக்கி டோக்கி பேனிக்' விளையாட்டில் ஆட்களின் உருவத்தை மாற்றி, 1988-ல் 'மாரியோ 2' என்று அங்கே விற்றது. பட்டப்பகல் ஆள்மாறாட்டம்! (போலீசில் புகார் ஏதும் இல்லை.)

ஆனாலும் அதுதான் நல்ல ஆட்டம் என்பது இவர் கட்சி. மண்ணிலிருந்து காய் பிடுங்கி எதிரி மேல் எறியலாமே! முதல் பாகத்தையே கஷ்டமாக்கித் தந்தால் அது இரண்டாம் பாகமா என்று கேட்கிறார். 1992-ல் ஜப்பானிலும் அது 'சூப்பர் மாரியோ யுஎஸ்ஏ' என்று விற்பனைக்கு வந்தது.

லேபிள் ஒட்டி விற்ற கடைக்காரரை மட்டும் மனுஷன் இன்னும் மன்னிக்கவில்லை.